விளக்கைப் பார்த்து வைத்த குறி

“...மூச்சைக்கூடக் கொஞ்சம் அடக்கிக்கோங்க அண்ணா, நீங்க மூச்சு விட்டா நட்சத்திரம் ஆடுது” என்றார் அந்த இயற்பியல் மேடம்.

நான் அடக்கிக்கொண்டேன். தொலைநோக்கியின் பின்புறத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஏழு கிலோ கருவியை இரண்டு உள்ளங்கைகளாலும் கீழிருந்து தாங்கியபடி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தேன். இரண்டடி தள்ளி மேடம் லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு கல்லூரியின் மொட்டைமாடி அது. ஏப்ரல் மாத சாயங்காலம், மணி ஏழுக்குக் கொஞ்சம் முன்னே. தொலைநோக்கி நின்ற தகரக் கூண்டுக்குள் பகல் வெயில் இன்னும் இறங்காமல் நின்றது. வியர்வை காதுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை.

இப்படி ஒரு மனிதன் கையால் முட்டுக்கொடுக்கும் நிலைமை அந்தக் கருவிக்கு ஏன் வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வந்தது என்னால்.

எனக்குக் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. சர்வேயர்கள் மூன்று காலில் நிறுத்தி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்களே, அந்த லெவல் மிஷின், தியோடலைட், காலேஜ் மைக்ராஸ்கோப், இதெல்லாம் ரிப்பேர் பார்க்கிறேன். படிப்பு பத்தாவது. மீதி எல்லாம் பிரித்துப் பார்த்து, திரும்ப மாட்டத் தெரியாமல் விழித்து, மறுபடியும் பிரித்துக் கற்றது. வாயும் கொஞ்சம் நீளம். “உன் கடைக்கு வந்தா மிஷின் சரியாவுதோ இல்லையோ, ரெண்டு மாசத்துக்குப் பேச விஷயம் கிடைச்சிடுது” என்பார் பல்லாவரத்து சர்வேயர் ஒருவர். அவர் பாராட்டுகிறாரா, மிஷின் சரியாகவில்லை என்கிறாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தக் கல்லூரியின் மைக்ராஸ்கோப்புகளை வருஷத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போடுவது நான்தான். அந்தப் பழக்கத்தில் பிப்ரவரியில் துறைத்தலைவர் கூப்பிட்டார். மாடியில் ஏற்கெனவே பதினாறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. அதில் மாட்ட வெளிநாட்டிலிருந்து ஸ்பெக்ட்ரோகிராஃப் வந்திருந்தது. நட்சத்திரத்தின் வெளிச்சத்தை ஒரு மெல்லிய பிளவு வழியாக உள்ளே வாங்கி, வானவில் மாதிரி நீட்டி, அதில் எங்கெங்கே கறுப்புக் கோடு விழுகிறது என்று காட்டும் பெட்டி. அந்தக் கோடுகளை வைத்து நட்சத்திரத்தில் என்னென்ன எரிகிறது என்று சொல்லிவிடலாமாம். பிளவு தலைமுடியைவிட மெல்லியது. அதற்குள் நட்சத்திரம் துல்லியமாக விழ வேண்டும். அரை முடி தள்ளி விழுந்தால் திரை இருட்டு.

பெட்டி வந்ததே தவிர, அதைத் தொலைநோக்கியோடு சேர்க்கும் தகடு வரவில்லை. எழுதிக் கேட்டால் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். “நம்ம ஊர் இன்ஜினியர் இருக்கும்போது அவன் எதுக்கு?” என்று துறைத்தலைவர் என் தோளில் கை போட்டார். அதுவரை அவர் என்னை “மைக்ராஸ்கோப்காரர்” என்றுதான் சொல்வார். இன்ஜினியர் என்று ஒருவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு மலிவாகப் போனேன் என்பதைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கருவியின் பொறுப்பு அந்த மேடத்திடம் இருந்தது. முப்பத்தி இரண்டு, முப்பத்தி மூன்று வயது இருக்கும். ஆறு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். வருஷா வருஷம் ஏப்ரல் முடிவில் யார் யாருக்கு வேலை நீட்டிப்பு என்று பட்டியல் ஒட்டுவார்கள். “எங்களுக்கு ரிசல்ட் பசங்களுக்கு முன்னாடியே வந்துடும் அண்ணா” என்று சிரிப்பார். இந்த வருஷம் விஷயம் வேறு. இந்தக் கருவி ஓடினால், அதை வைத்து ஒரு நிரந்தர இடம் கேட்கலாம் என்று துறைத்தலைவரே சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

தகடு செய்கிற வேலையைக் குரோம்பேட்டையில் எனக்குத் தெரிந்த லேத்துக்காரரிடம் கொடுத்தேன். அவர் அளவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், ஆறு எம்எம் போட்டுக்கினு கீற? ஏழு கிலோ தொங்கப் போவுதுன்ற. தகடு அப்பளம் மாறி கீது. பன்னெண்டு போடு.”

“தொங்காதுப்பா. மூணு ஸ்க்ரூ இழுத்துப் பிடிக்கும்.”

“ஸ்க்ரூ புடிக்கும். தகடு யாரைப் புடிச்சிக்கும்?”

“நீ கடைசலைப் பாரு, கணக்கை நான் பார்த்துக்கறேன்.”

“பாத்துக்க. அப்பால என் பேரைச் சொல்லிக்கினு வராத.”

அவர் பேரை நான் சொல்லவில்லை. யார் பேரையும் சொல்லவில்லை. அதுதானே கதை.

கருவியை மாட்டியபின் நேர் பார்க்க வேண்டும். பெரிய தொலைநோக்கியின் முதுகில் வழிகாட்டியாக ஒரு சின்ன தொலைநோக்கி உண்டு. அதன் படம் ஒரு திரையில் தெரியும். பெரியதன் பிளவுக்குள் வெளிச்சம் சரியாக விழுகிற நேரத்தில், சின்னதன் திரையில் அதே வெளிச்சம் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு சிவப்புக் கூட்டல் குறி போட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் எந்த நட்சத்திரத்தையும் அந்தக் குறியில் கொண்டுவந்து நிறுத்தினால் போதும், அது தானாகப் பிளவில் விழும்.

சாயங்காலம் ஆறுக்குமேல் மாடியில் இருக்க அலுவலகக் கடிதம் வேண்டும். காலையில் அந்தத் தொல்லை இல்லை. நடக்க வருகிறவர்களுக்காக வாட்ச்மேன் ஐந்து மணிக்கே கேட்டைத் திறந்துவிடுவார். அவருக்கு எங்கள் மேல் ஒரு கண். “மாடில இவ்ளோ பெரிய குழாய் போட்டு வச்சிருக்கீங்க, கீழ பாத்ரூம்ல தண்ணி வரல” என்பார் தினமும். மேடம் முதல் ரயில் பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வருவார். நான் என் டிவிஎஸ்ஸில்.

மூன்று விடியற்காலை வேலை செய்தோம். நான் குறி பார்த்தது பல்லாவரம் மலை மேல் நிற்கும் டவரின் உச்சியில் எரிகிற சிவப்பு விளக்கை. விமானங்களுக்காக விடியும்வரை எரியும் விளக்கு. குழாயைப் படுக்க வைத்து, விளக்கைப் பிடித்து, கருவியைத் தள்ளி, இழுத்து, ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று முறுக்கி, மூன்றாம் நாள் அந்தச் செம்புள்ளி பிளவுக்குள் போய் உட்கார்ந்தது. திரையில் ஒரு மெல்லிய கோடு எழுந்தது. மேடம் சின்னக் குழந்தை மாதிரி கை தட்டினார்.

பிறகு அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் நட்சத்திரங்கள் இன்னும் நாலைந்து மிச்சம் இருந்தன.

“அண்ணா, அதுல ஒண்ணையும் ஒரு தடவை பார்த்துடலாமா? பத்து நிமிஷம்.”

“எதுக்கும்மா? நட்சத்திரம் ஓடிக்கிட்டே இருக்கும். விளக்கு நின்ன இடத்துல நிக்குது. எங்க தொழில்ல நிக்கறதைப் பார்த்துத்தான் குறி வைப்போம்.”

“இல்ல, குழாய் நிமிர்ந்தா வெயிட் வேற பக்கம் இழுக்குமே...”

“முப்பது வருஷமா இதைத்தான் பண்றேன்.”

அவர் திரும்பவும் திரையைப் பார்க்கக் குனிந்துவிட்டார். மரியாதை தெரிந்த பெண். நான் முப்பது வருஷமாகப் பார்த்த மிஷின் எல்லாம் படுத்தபடி பார்க்கிற மிஷின். சர்வேயர் ரோட்டைப் பார்ப்பான், வரப்பைப் பார்ப்பான், அடுத்த தெரு சுவரைப் பார்ப்பான். வானத்தைப் பார்க்கிற சர்வேயரை நான் கண்டதில்லை. நிமிர்ந்தால் தொங்கும் என்கிற யோசனையே என் கைக்கு இல்லை. லேத்துக்காரர் சொன்னார், மேடம் சொன்னார். நான் குறியைப் போட்டு, துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, டீ குடிக்கப் போனேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மாலை கருவி ஓடுவதைப் பார்க்கக் கல்லூரிச் செயலர் வந்தார், வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். துறைத்தலைவர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். “இவர் நம்ம லோக்கல் இன்ஜினியர், பத்தாவதுதான் படிச்சவர், ஆனா பாருங்க” என்று அறிமுகப்படுத்தினார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

மேடம் சிரியஸைப் பிடித்தார். வானத்தில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் இல்லை, அதனால் தப்பாது என்று அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். சிவப்புக் குறியின் நடுவில் வைரம் பதித்த மாதிரி நிறுத்தினார். கருவியின் திரை கறுப்பு. படம் எடுக்கும் நேரத்தைக் கூட்டினார். கறுப்பு. இப்படி நகர்த்தினார், அப்படி நகர்த்தினார். கறுப்பு. செயலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. குழாய் நிமிர்ந்து நின்றது, பின்னால் பெட்டி தொங்கியது, தகட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே காகிதம் நுழைகிற அளவுக்கு ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. படுக்கையில் இருந்தபோது இல்லாத கோடு. அப்பளம்.

மேடமும் பார்த்துவிட்டார். சட்டென்று போய்ப் பெட்டிக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். திரையில் ஒரு மின்னல் மாதிரி பட்டை வந்து போனது.

“சார், இது தொங்குது. குழாய் நிமிர்ந்தா...”

“கையை எடுங்க மேடம்” என்றார் துறைத்தலைவர். “தொட்டுத் தொட்டுத்தான் கெடுத்து வச்சிருக்கீங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இன்ஜினியர், நீங்க சொல்லுங்க. நீங்க மாட்டினப்ப சரியாத்தானே இருந்தது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செயலர், இரண்டு பேராசிரியர்கள், கை இன்னும் அந்தரத்தில் நின்ற மேடம்.

“நான் விட்டுட்டுப் போறப்ப சரியா இருந்தது சார்” என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவ்வளவு அழகாகச் செய்திருந்தேன். தகட்டை அப்படிச் செய்திருக்கலாம்.

மறுநாள் காலை மேடம் கடைக்கு போன் செய்தார். அழவில்லை, கோபப்படவில்லை. “அண்ணா, திங்கக்கிழமை லிஸ்ட் போடறாங்க. நான் கையாளத் தெரியாம கெடுத்துட்டேன்னு சார் எழுதிட்டாரு. நீங்க வந்து தகடுதான் காரணம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். தப்புன்னுகூடச் சொல்ல வேண்டாம், காரணம்னு சொல்லுங்க.”

போனேன். சொல்லத்தான் போனேன் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். துறைத்தலைவர் டீ வரவழைத்தார். “நேத்து மானம் போயிடுச்சு. உங்களைக் குறை சொல்லலை, நீங்க பண்ண வேலை கல்லு மாதிரி” என்றார். கல்லூரியை நடத்துகிற குழுமத்தின் இரண்டு பள்ளிகளின் மைக்ராஸ்கோப்புகளையும் இனி நானே பார்த்துக்கொள்ளலாம் என்றார். டீ சூடாக இருந்தது. நான் ஊதி ஊதிக் குடித்தேன். குடித்து முடித்ததும் “வரேன் சார்” என்று எழுந்துவிட்டேன். மேடம் வராந்தாவின் கோடியில் தூணோரம் நின்றிருந்தார். நான் அந்தப் பக்கத்துப் படியில் இறங்காமல் பின்பக்கத்துப் படியில் இறங்கினேன்.

திங்கட்கிழமை ஒட்டிய பட்டியலில் அவர் இல்லை. அவர் இப்போது அந்தக் கல்லூரியில் இல்லை. நான் இருக்கிறேன். முன்பு வருஷத்துக்கு ஒருமுறை, இப்போது மூன்று முறை போகிறேன். ஜூனில் நானே பன்னிரண்டு எம்எம்மில் தகடு செய்து மாற்றினேன். “பழசு ஏன் போச்சு?” என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. லேத்துக்காரர் மட்டும் புதுத் தகட்டின் அளவைப் பார்த்துவிட்டு, “இன்னா, இப்ப கணக்கு சரியா வந்துச்சா?” என்றார். கருவி ஓடுகிறது. விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார்கள். துறைத்தலைவர் என்னை இன்னமும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுகிறார். அவர் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வாயில் அந்த டீயின் ருசி வருகிறது.

அந்தப் பட்டியலுக்கு முன், நான் டீ குடித்துவிட்டுப் பின்படியில் இறங்கிப் போன அதே வெள்ளிக்கிழமை மாலை, மேடம் மறுபடியும் போன் செய்தார். “ஒரு அரை மணி நேரம் மாடிக்கு வர முடியுமா அண்ணா? பேச எதுவும் வேண்டாம். கை மட்டும் வேணும்.” வாட்ச்மேனிடம் கெஞ்சி ஏழரை வரை அனுமதி வாங்கியிருந்தார். பேச வேண்டாம் என்றதால்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

அப்படித்தான் அந்த ஸ்டூலில் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

“இன்னும் ஒரு நூல் மேல... போதும். அப்படியே. பத்துப் பத்து செகண்டா முப்பது படம் எடுக்கறேன்.”

ஐந்து நிமிஷம். மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் “இடது பக்கம் இறங்குது” என்பார், நான் இடது பக்கம் ஏற்றுவேன். ஒரு விமானம் மீனம்பாக்கத்துக்கு இறங்கிக்கொண்டு போனது. கூண்டு அதிர்ந்தது. “ஒரு படம் போச்சு, பரவால்ல” என்றார். அந்தக் குரலில் என்மேல் ஒன்றும் இல்லை. ஒரு முட்டுக்கட்டையிடம் யாரும் கோபப்பட மாட்டார்கள் இல்லையா, அந்த மாதிரி.

முடிந்ததும் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். நீலத்திலிருந்து சிவப்பு வரைக்கும் ஒரு பட்டை. அதன் நடுநடுவே அழுத்தமாக நாலு கறுப்புக் கோடுகள்.

“ஹைட்ரஜன்” என்றார். ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்துக் காட்டினார். அந்தக் கருவியில் கோடுகளை முதலில் பார்த்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

“இப்ப கையை எடுங்க அண்ணா.”

எடுத்தேன். பெட்டி ஒரு நூல் இறங்கியது. திரையில் பட்டை அணைந்தது. மேடம் அதே முப்பது படங்களை மறுபடியும் எடுத்தார், ஒன்றுமில்லாத கறுப்பை. ஐந்து நிமிஷம் நாங்கள் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்கு ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. நாள் முழுக்கப் பேசுகிறவன். இப்போது கை இருந்தது, காதுக்குள் போன வியர்வையைத் துடைத்தேன்.

இரண்டு தொகுப்புக்கும் பெயர் கொடுத்தார். கையோடு. கை இல்லாமல். இரண்டையும் துறைத்தலைவருக்கும் செயலருக்கும் ஒரு மின்னஞ்சலில் இணைத்தார். கீழே ஒரே ஒரு வரி எழுதினார்: குழாய் நிமிரும்போது இணைப்புத் தகடு வளைகிறது, கருவியில் கோளாறு இல்லை. தகட்டைச் செய்தது யார் என்று எழுதவில்லை. நிமிரவைத்துப் பார்க்கலாம் என்று சொன்னது யார், வேண்டாம் என்றது யார் என்றும் எழுதவில்லை.

“என் பேரைப் போட்டுக்கோங்கம்மா” என்றேன். “தகடு நான் பண்ணது, பார்க்க வேண்டாம்னு சொன்னதும் நான்னு எழுதிடுங்க.”

“நான் எழுதினா நான் பழி போடறேன்னுதான் படிப்பாங்க அண்ணா” என்றார். லேப்டாப்பை என் முன்னால் நகர்த்தினார். எழுதிய வரிக்குக் கீழே கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. “தமிழ்லயே டைப் பண்ணலாம்” என்றுவிட்டு எழுந்து போனார்.

தொலைநோக்கியைப் படுக்க வைத்தார். கண்ணாடிக்கு மூடி போட்டார். பெரிய துணி உறையை எடுத்து, ஒரு பக்கம் மாட்டி, சுற்றி வந்து மறுபக்கம் இழுத்து, நாடாக்களை ஒவ்வொன்றாக முடிந்தார். அவசரப்படவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார். கீழே வாட்ச்மேன் விசில் ஊதினார். நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிகளின் மைக்ராஸ்கோப்புகள் ஞாபகம் வந்தன, தோளில் போட்ட கை ஞாபகம் வந்தது. விரல்களில் இன்னும் பெட்டியின் பாரம் இருந்தது, அதனால்தான் டைப் பண்ண வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேடம் திரும்பி வந்தார். திரையைப் பார்த்தார். அந்த ஒரு வரிக்குக் கீழே ஒன்றும் இல்லை. என்னை அவர் பார்க்கவில்லை. நின்றபடியே குனிந்து, ஒரு விரலால், அதை அப்படியே அனுப்பிவிட்டார்.